தலையணை உறைகள்

கொடியில் ஒன்பது தலையணை உறை.
எதிர்வீட்டு ருக்மணி எண்ணிப் பார்த்துவிட்டு
"உங்கூட்ல எத்தன பேருங்க்கா?" என்கிறாள்.
மூணு பேர், தலையணை ரெண்டு
என்று சொல்லாமல் சிரித்து வைக்கிறேன்.

சோமனூரில் ஐந்தரைக்கு முதல் தறி ஓடும்.
அதற்குள் தண்ணீர்க் கிண்ணங்களை மாற்றியாக வேண்டும்.
தெரு அதிரத் தொடங்கிவிட்டால்
நூல்கோன் பெட்டிக்குள் இருக்கும் நாகம்
யாரோ நடந்து வருவதாகவே நினைத்து
நாள் முழுக்கத் தலையைத் தூக்கி வைத்திருக்கும்.
தறி நிற்கிற ஞாயிறுதான்
அதற்கும் லீவு.

அதைக் கொண்டுவந்த கதை இது:
"ஏனுங், பாம்பு புடிக்கறவிங்களா? சித்த வெரசா வாங்க,
நாலு பேரு சுத்தி நிக்கறோம்."
அடிச்சுராதீங்க என்பதற்குள் போனை வைத்துவிட்டார்கள்.
மங்கலம் ரோட்டுக் குடோனில் போய் வண்டியை நிறுத்தினால்
"பாதி உசுரு இருக்குதுங், எடுத்துக்கங்க"
மீந்த சோற்றைக் கொடுக்கிற குரலில்.
எடுத்துக்கொண்டேன்.
பாதி உயிருக்கென்று தனிப் பெட்டி கிடையாது.

போன வாரம் ஒரு சாரை.
எலிக்கு வைத்த பசை அட்டையில் வயிறு முழுக்க ஒட்டி.
கடலெண்ணெயைக் கரண்டி கரண்டியாய் ஊற்றி
விரல் நுனியால் செதில் செதிலாய்
இரண்டே முக்கால் மணி நேரம்.
கவின்மதி ஒரு கையில் தலையைப் பிடித்துக்கொண்டு
மறுகையில் வேதியியல் படித்தாள்.
கடைசி விரற்கடை விடுபட்டதும்
அது திரும்பி என் மணிக்கட்டைக் கடித்தது.
விஷமில்லை.
அன்றைக்குக் குழம்பு தாளிக்கத்தான் எண்ணெயில்லை.

ஃபிரிட்ஜின் மேல்தட்டு எலிக்குஞ்சுகளுக்கு,
மாவும் தயிரும் கீழே.
நாச்சிமுத்து ஐஸ் தண்ணீரை விட்டு
மூன்று வருஷமாகிறது.

குளியலறை ஆமையினுடையது.
பைனான்ஸ் ஆபீஸில் அதிர்ஷ்டத்துக்கு வளர்த்தது.
ஓடெல்லாம் குங்குமம், சோறு தின்றே கூம்பு கூம்பாய் வீங்கியது.
முருங்கைக் கீரையைக் காட்டினால் கழுத்தை இழுத்துக்கொள்கிறது.
இட்லி என்றால் வருகிறது.

ஒரு வெள்ளைக் கார் ரெண்டு தடவை வந்தது.
"மண்ணுளி வந்தா ஒரு வார்த்த சொல்லுங்க்கா,
நல்ல வெலைக்குப் பார்ட்டி இருக்குது."
இருந்தது.
ஃபிரிட்ஜுக்குப் பின்னால் வெதுவெதுப்பில் சுருண்டு,
பத்தடி தூரத்தில்.
பூரான்தானுங் வருது என்றேன்.

வனத்துறைக் கடுதாசியை லேமினேட் செய்து
கேஸ் புக்கோடு மாட்டியிருக்கிறேன்.
வீட்டுக்காரர் ராக்கியண்ணன் வாடகைக்கு வரும்போதெல்லாம்
வாசப்படிக்கு வெளியே நின்று
அதை முழுதாய் ஒருமுறை படிப்பார்.
எழுத்து ஏதும் மாறியிருக்கிறதா என்பதுபோல.
பணத்தைக் கதவிடுக்கில் நீட்டுவேன்.

ஞாயிறு.
தறிகள் இல்லை.
பெட்டிக்குள் தலை தூக்கவில்லை.
நிம்மதியாய் இருக்கிறது என்று
மத்தியானம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜெயசீலன் சார் திங்கட்கிழமைதான் வருவார்.
உடலைக் கணக்கு காட்டி ஒப்படைக்க வேண்டும்.
அதுவரை மேல்தட்டு.
நோட்டில் எழுதினேன்: நாகம், ஆண், நாலரை அடி.
காரணம் என்ற கட்டத்தில்
குடோன் என்று எழுதி அடித்துவிட்டு
முதுகெலும்பு என்று எழுதினேன்.
உறையைத் துவைத்துக் கொடியில் போட்டேன்.
பத்து.

ராத்திரி பதினொன்றுக்குக் கதவு தட்டப்பட்டது.
ருக்மணி. மூச்சு வாங்குகிறது.
"பொடக்காளில என்னமோ சீறுதுங்க்கா.
அவர அடிக்க வேண்டாம்னு சொல்லி நிறுத்தி வெச்சிருக்கறேன்."
கையில் பூவேலை போட்ட தலையணை உறை,
கல்யாணச் சீரில் வந்தது,
மடிப்புக் கலையாதது.
"இது பத்துமாங்?"

வாங்கி
உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தேன்.
பிசிறு இருந்தால்
பல் சிக்கும்.